வாபஸ் ஆன வழக்கு: விடுவிப்பா, விடுதலையா?

‘வழக்கு வாபஸ்’ என்று செய்தி வந்தால் எல்லாம் முடிந்தது என்றே நினைக்கிறோம். எந்தக் கட்டத்தில் வாபஸ் என்பதுதான் விஷயமே.

நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்வதற்கு முன்பே அரசு வழக்கறிஞர் வழக்கை வாபஸ் பெற்றால், கிடைப்பது விடுவிப்பு. இப்போதைக்கு நிம்மதி, அவ்வளவுதான். புதிய ஆதாரம் சிக்கினால் அதே விவகாரம் மறுபடி வரலாம்.

குற்றச்சாட்டு பதிவான பிறகு வாபஸ் பெற்றால் அது விடுதலை. அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. ஆளுக்கு எது நல்லது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் இதுதான். தாமதமாக வந்தாலும் கெட்டி.

இப்படி வாபஸ் பெற வழிசெய்வது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 321-ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல், அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 360-ஆம் பிரிவு. இரண்டிலும் நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். அரசாணை மட்டும் போதாது. கேரள சட்டமன்றத்தில் 2015-இல் பட்ஜெட் நாளன்று மைக், நாற்காலியை உடைத்த ரகளை நினைவிருக்கும். அந்த வழக்கை மாநில அரசு கைவிடப் பார்த்தது; 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. அடுத்த மாதமே, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை வாபஸ் பெற உயர் நீதிமன்ற அனுமதியும் வேண்டும் என்றது.

சரி, உங்கள் வழக்கு வாபஸ் ஆனால்? உத்தரவு நகலை வாங்கி, அதில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.