கொடிநாள் நிதியின் மூன்று உதவிகள்: தொகை நன்று, தாள்வேலை கடினம்

முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கேந்திரிய சைனிக் போர்டு கொடுக்கும் உதவிகளில் மூன்று முக்கியமானவை: வறுமை உதவி, பிள்ளைகள் கல்வி உதவி, மகள் திருமண உதவி. பணம் படைவீரர் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். தனித்தனியாக இருந்த பல நிதிகளை ஒன்றாக்கி இன்றைய நிதியை அமைத்தது 1993இல். இதற்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிவிலக்கும் உண்டு.

2025 நவம்பர் 1 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு மூன்று தொகைகளும் இரட்டிப்பாகியிருக்கின்றன. வறுமை உதவி மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனது. கல்வி உதவி ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000. திருமண உதவி ஒரு லட்சம். திருமணத்தில் மட்டும் ஒரு நிபந்தனை: தொகையை உயர்த்திய ஆணை வெளிவந்த பிறகு நடந்த கல்யாணத்துக்குத்தான் புதிய தொகை. மூன்றுமே ஹவில்தார், அதற்குச் சமமான பதவி, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். ஹவில்தாருக்கு அடுத்த மேல்பதவியான நாயப் சுபேதாரின் குடும்பம் எவ்வளவு சிரமத்தில் இருந்தாலும் இதில் நுழைய முடியாது. நம் பார்வையில் இது பெரிய குறை.

மூன்றில் மிகச் சிறந்தது வறுமை உதவி. சிப்பாய் 15 ஆண்டு முடிக்காமல் வெளியே வந்தால் சர்வீஸ் பென்ஷன் கிடையாது. அப்படி வந்து, 65 வயது தாண்டி, நிலையான வருமானமும் இல்லாதவர்களுக்கும், அவர்கள் மறைந்திருந்தால் அவர்கள் மனைவிக்கும் இது. 8,000 ரூபாய் இருந்தால் மருந்துக்கும் அரிசி பருப்புக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. உதவி ஆயுள் முழுக்க உண்டு, ஆனால் ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று போட வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு. பக்கத்து வீட்டிலோ ஊர்ச் சங்கத்திலோ யாராவது ஒருவர் அந்தத் தேதியைக் குறித்துவைத்து ஞாபகப்படுத்தினால் அதுவே பெரிய உதவி.

கல்வி உதவி ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகளுக்கு. மறைந்த வீரரின் மனைவி இரண்டாண்டு முதுகலை படித்தாலும் உண்டு. இதன் குறை, வகுப்பில் தேறிய பிறகு மதிப்பெண் பட்டியலோடுதான் விண்ணப்பிக்க முடியும் என்பது. ஜூன் மாதம் கட்டணம் கட்டும்போது இந்தப் பணம் கையில் இருக்காது. ஆண்டுக்கு 24,000 அரசுக் கலைக் கல்லூரிக்குப் போதும். தனியார் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதிக்குத்தான் காணும். பிளஸ் டூவில் 60 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்துத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குத் தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து வரும் பிரதமர் உதவித்தொகையை முதலில் முயல்வது நல்லது. மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500. முதலாமாண்டில் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டை விட்டால் அவ்வளவுதான்.

திருமண உதவி இரண்டு மகள்களுக்கு. மறைந்த வீரரின் மனைவி மறுமணம் செய்தாலும் உண்டு. மகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். திருமணம் நடந்த 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் திருமணப் பதிவைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி விண்ணப்பம். போர்டின் இணையதளத்தில் பதிந்து, அசல் ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்: டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து வெளிவரும்போது தரும் பணிப் பதிவுப் புத்தகம்) எல்லாப் பக்கங்களும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கொடுத்த அடையாள அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக். இதே காரணத்துக்கு மாநில அரசிடமோ வேலை பார்க்கும் இடத்திலோ பணம் வாங்கவில்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். அதனால் மாநில உதவியா, இதுவா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நல அலுவலகத்தில் அசலைக் காட்ட வேண்டும். அங்கிருந்து மாநிலம், பிறகு டெல்லி. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும், இடைத்தரகருக்கு இதில் வேலையே இல்லை.

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயர்தான். டிஸ்சார்ஜ் புக்கில் வெறும் பெயர், ஆதாரில் முன்னெழுத்தோடு, பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக: நம் ஊரில் இது சர்வ சாதாரணம், டெல்லியில் சரிபார்ப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். ஆதாரையும் பாஸ்புக்கையும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி திருத்துவது எளிது; டிஸ்சார்ஜ் புக்கை மாற்றுவது நெடுநாள் வேலை.

அடுத்தது பிள்ளையின் பெயர். சர்வீஸில் இருந்தபோது பார்ட் டூ ஆர்டரில், அதாவது வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் படை ஆணையில், ஏறாத பிள்ளைக்குக் கல்வி உதவியும் வராது, திருமண உதவியும் வராது. பிறப்புச் சான்றோடு அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு (ஆவண அலுவலகம்) எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். பதில் வர நாளாகும். பள்ளியில் சேர்க்கும்போதே இதை முடித்துவைப்பது புத்திசாலித்தனம். மூன்றாவது சிக்கல் ஐஎஃப்எஸ்சி, அதாவது வங்கிக் கிளையின் குறியீட்டு எண். 2020இல் சிண்டிகேட் கனராவோடும், அலகாபாத் இந்தியன் வங்கியோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் இரண்டும் யூனியனோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எண்ணைப் போட்டால் பணம் திரும்பிப் போகும். புதிய பாஸ்புக் வாங்கி அதன் முதல் பக்கத்தை ஏற்றுங்கள்.

அனுப்பிய பிறகு வாரம் ஒருமுறை போர்டின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, குறிப்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பதில் போடாத விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கணினி பழகாதவர்கள் பதிவின்போது பேரன் பேத்தியின் எண்ணைக் கொடுக்காமல், எப்போதும் தம் கையில் இருக்கும் கைபேசி எண்ணையே கொடுக்கட்டும்.