ஒரே கூரையா, தனித்தனிப் பட்டறையா? திறமூல மென்பொருளைப் பிரித்த மூன்று வழிகள்

பெருத்துவிட்ட திறமூல மென்பொருளைத் தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்பதில் இன்று பெரிய வாதம் இல்லை. பிரித்தவற்றைத் தனித்தனியாக வெளியிடுவதா, ஒரே களஞ்சியத்துக்குள் (மூலநிரலைச் சேமித்துவைக்கும் இடத்துக்குள்) வைத்திருப்பதா என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன. நூற்பும் நெசவும் ஒரே வளாகத்தில் நடந்த கோவையின் பழைய காம்போசிட் மில்லையும், நிட்டிங், சாயம், துணியை இறுக்கிச் சீராக்கும் காம்பாக்டிங் என ஒவ்வொன்றையும் வேறு பட்டறைக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்கும் திருப்பூரையும் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) குறைந்தால் நிட்டிங்காரர் சாயப்பட்டறையைக் காட்டுவார். சாயப்பட்டறைக்காரர் காம்பாக்டிங்கைக் காட்டுவார். சரக்கோடு போகும் டெலிவரி சலானில், அதாவது டிசியில், என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பேச முடியும். மென்பொருளில் அந்த டிசியின் இடத்தில் இருப்பது இடைமுகம், அதாவது ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு எப்படிப் பேச வேண்டும் என்ற வரையறை.

லினக்ஸ் போன்ற அமைப்புகளில் திரையில் சாளரங்களைக் காட்டும் மென்பொருளை உருவாக்கும் எக்ஸ்.ஆர்க் திட்டம் முழுமையாகப் பிரிக்கும் வழியை எடுத்தது. 2005 டிசம்பர் 21 அன்று 6.9, 7.0 ஆகிய இரு பதிப்புகள் ஒன்றாக வெளியாயின. மூலநிரல் ஒன்றே, அதை ஓடும் மென்பொருளாகக் கட்டும் முறைதான் வேறு: 6.9 பழைய ஐமேக் (imake) முறையில் ஒரே மரமாகவும், 7.0 ஆட்டோடூல்ஸ் (autotools) முறையில் தனித்தனித் தொகுப்புகளாகவும் வந்தன. புதியதில் கோளாறு தென்பட்டால் பழையதிலும் ஓட்டிப் பார்த்து, பிழை நிரலிலா கட்டும் முறையிலா என்று கண்டுபிடிக்கலாம். இவ்வளவு நேர்மையான மாற்றத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையக்கருவான லினக்ஸ் கெர்னல் இதற்கு நேர் எதிர். வன்பொருள்களை இயக்கும் நிரல்களான இயக்கிகளைக் கெர்னல் ஓடும்போதே ஏற்றி இறக்கலாம், ஆனால் மூலநிரல் ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது. உள் இடைமுகம் மாறாது என்று யாரும் உறுதி தருவதில்லை. மாற்றுகிறவரே உள்ளே உள்ள இயக்கிகளையும் திருத்திவிட வேண்டும். வெளியே பராமரிக்கப்படும் இயக்கிகளின் பாடுதான் திண்டாட்டம்.

நம் பனியன் கம்பெனிகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, கணக்கு, சரக்கிருப்பு முதலியவற்றை ஒரே இடத்தில் பார்க்கும் இஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருள். 2022-இல் வந்த 14-ஆம் பதிப்பில் இந்திய ஜிஎஸ்டி பகுதியும் ஊழியர், ஊதியப் பகுதியும் தனிச் செயலிகளாக வெளியேறின. இவற்றில் முதல் வெட்டு சரியான இடத்தில் விழுந்தது என்பேன். ஜிஎஸ்டியில் மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமாவதற்கான விற்றுமுதல் வரம்பு 2020 அக்டோபரில் 500 கோடியாக இருந்து, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது; அரசு அறிவிப்பின் தேதி மென்பொருள் வெளியீட்டுக்காகக் காத்திருக்காது. ஊதியப் பகுதியைப் பிரித்ததில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. அது தனிச் செயலி என்று பெயரே தவிர, இஆர்பிநெக்ஸ்ட் இல்லாமல் நிற்காது. சம்பளம் போட்டதும் பதிவு கணக்கேட்டுக்குத்தான் போகிறது. பதிப்பை உயர்த்தியவர் அந்தச் செயலியை நிறுவ மறந்திருந்தால், சனிக்கிழமை வாரக்கூலி போடும் நேரத்தில் ஊதியச் சீட்டுப் பக்கமே இருக்காது.

ஆகவே, நாலைந்து பேர் பராமரிக்கும் மென்பொருளுக்கு லினக்ஸின் வழியையே பரிந்துரைப்பேன்: களஞ்சியம் ஒன்றாக இருக்கட்டும், எல்லைக்கோடு உள்ளே இருக்கட்டும், மாறும் காலம் வேறாக உள்ள பகுதி மட்டும் வெளியே போகட்டும். சாய ஜாப் ஒர்க்கில் எடைக் கழிவு விகிதம் பட்டறைக்குப் பட்டறை வேறுபடும் என்பதால் அதைத் தனிச் செயலியில் எழுதலாம். துணி இருப்பைக் காட்டும் ஸ்டாக் லெட்ஜரை மையத்திலிருந்து நகர்த்தக் கூடாது.