டீசல் பம்ப் போனால் "டீசல்தான் பிழை" என்ற கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கொமன் ரெயில் (பம்ப் அழுத்தத்தோடு ஏற்றும் டீசல் ரெயில் என்ற ஒரே குழாயில் நின்று எல்லா சிலிண்டருக்கும் பிரிகிற வகை) டீசல் லொறியோ கெப்போ வைத்திருக்கும் எல்லோரும் இதைத் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். வொரண்டி முடியாத வாகனம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஹை பிரஷர் பம்ப் உடைந்து வண்டி நிற்கும் நேரம் பார்த்து, "நீங்க அடிச்ச டீசல்தான் பிழை, எண்டாலும் பார்ட்ஸ் விலையில கொஞ்சம் குறைச்சுத் தாறம், இதில ஒரு கையெழுத்து வைங்க" என்று வண்டியை விற்ற கொம்பனி ஆட்கள் ஒரு கடதாசியை நீட்டுவார்கள். வைக்காதீர்கள். வைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் இன்றைக்கு வழக்கும் பேச முடியாமல், லொறியும் ஓடாமல் நிற்கிறார்கள்.

கொம்பனியின் பெயரை நான் எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. அது முடியும் வரை பெயர் வெளியே வராமல் இருப்பதுதான் எங்களுக்கு நல்லது என்று எல்லோருமாகப் பேசி முடிவெடுத்திருக்கிறோம்.

என்னுடையது கூலர் லொறி. வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தைக்கு ஓடுகிறது. லீசிங் போட்டுப் புதிதாக எடுத்தது. 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீற்றர் வொரண்டி. சேர்விஸ் எல்லாமே கொம்பனியின் சொந்த இடத்தில்தான் செய்தேன். டீசல் பில்டர் கூட அவர்கள் தந்ததுதான், வெளியில் ஒன்றும் வாங்கிப் போடவில்லை. வொரண்டிக் கணக்கில் பாதித் தூரம் கூட ஓடவில்லை. புணாணை தாண்டி வெலிக்கந்தைக்குப் போகிற காட்டு ரோட்டில், நடுச்சாமத்தில் டிரைவர் தம்பி கோல் எடுத்தான்: "அண்ணன், என்ன மிதிச்சாலும் ஏறுதில்ல. என்ஜின் லைட் விழுந்திட்டு. மறுகா அப்பிடியே ஓஃப் ஆகி நிண்டுட்டு." யானை இறங்குகிற இடம். பின்னால் சூரையும் பாரையும். வேறு லொறி பிடித்து மீனை மாற்றி அனுப்பும்போது விடிந்துவிட்டது. விடியச் சந்தை கலைந்த பிறகு போய்ச் சேருகிற மீனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

லொறியைக் கொழும்புக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். கொஞ்ச நாளில் ஒரு பக்க அறிக்கை வந்தது. "எரிபொருள் அசுத்தம் காரணமாகப் பம்ப் பழுதடைந்துள்ளது, வொரண்டி பொருந்தாது." கூடவே ஒரு மதிப்பீடு: பம்ப், டீசலை என்ஜினுக்குள் பீச்சுகிற நாலு இன்ஜெக்டர், ரெயில், குழாய்கள், டாங்கி கழுவும் கூலி எல்லாம் சேர்த்து 14 லட்சத்துக்கு மேலே. எனக்கு நெஞ்சு கொதித்தது அந்தத் தொகையைப் பார்த்தல்ல, அறிக்கையில் இருந்த திகதியைப் பார்த்து. அந்தத் திகதியில் பம்ப் இன்னும் என்ஜினில்தான் இருந்தது, யாரும் கழற்றவே இல்லை. திறக்காத பம்புக்குக் காரணம் எழுதி முடித்துவிட்டார்கள்.

பம்பைக் கழற்றுகிற நாளில் நானும் நிற்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். ஓட்டமாவடியில் டீசல் வேலை செய்கிற, எனக்கு நீண்ட காலம் தெரிந்த காக்கா ஒருவரையும் கூட்டிப் போனேன். முதலில் பில்டரைத் திறக்கச் சொன்னார் அவர். பில்டர் சட்டியின் அடியில் தண்ணீர் இல்லை, சேறு இல்லை, துரு இல்லை. அடுத்து பம்பின் பக்கத்தில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றினார்கள். அதன் வாயில் இருந்த சின்ன வலையில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. காக்கா விரலில் தொட்டு வெளிச்சத்துக்குக் காட்டினார். மீன் செதில் மாதிரி மினுங்கியது. சட்டைப் பைக்குள் இருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனார். அவ்வளவும் எழும்பி அதில் ஒட்டியது.

"இஞ்ச பாருங்க தம்பி," என்றார், கொம்பனி ஆட்களுக்கும் கேட்கத்தான். "டாங்கியில இருந்து வாற ஊத்தை பில்டரில நிக்கும். பில்டர் சுத்தம். இது பம்புக்குள்ளயே சுரண்டி விழுந்த இரும்பு." யாரும் பதில் சொல்லவில்லை. நான் போனில் எடுத்த வீடியோவில் அந்த மௌனமும் இருக்கிறது.

இந்தப் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அவர்கள் சொல்லும் கதை எங்கே உடைகிறது என்று உங்களுக்கே பிடிபடும். பழைய பம்ப் போல இல்லை, கொமன் ரெயிலில் டீசலை ஏறக்குறைய 2000 பார் அழுத்தம் வரைக்கும் ஏற்ற வேண்டும். உள்ளே ஒரு கேம் சுற்றும், அதன் மேல் ஒரு ரோலர் உருண்டு பிஸ்டனைத் தள்ளும். அங்கே என்ஜின் ஒயில் போவதில்லை, உள்ளே ஓடுகிற டீசலேதான் ஒயில். அந்த ரோலர் தன் இடத்தில் கொஞ்சம் திரும்பிவிட்டால் அதற்குப் பிறகு அது உருளாது, கேமைச் சுரண்டும். சுரண்டின இரும்புத் தூள் ரெயிலுக்குப் போகும், இன்ஜெக்டருக்குப் போகும், றிட்டர்ன் லைனால் டாங்கிக்கே திரும்பி வரும். இன்ஜெக்டருக்குள் இடைவெளி மைக்ரோன் கணக்கு. அதனால்தான் பம்ப் ஒன்று போனால் முழுச் சிஸ்டமும் மாற்ற வேண்டி வருகிறது, 14 லட்சம் வருகிறது.

வீடியோவைப் பார்த்த பிறகு கொம்பனி கதையை மாற்றியது. இப்போது "அசுத்தம்" இல்லையாம், "டீசலில் வழுவழுப்புப் போதாது" என்று வந்தது. இந்த இரண்டாவது பதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டுத்தான் வாயடைத்துப் போகிறார்கள்.

அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதே சண்டையைப் பல வருடங்களாகப் பிடித்திருக்கிறார்கள். அங்கே வழக்குக்குப் போனது பொஷ் கொம்பனியின் சிபி4 என்ற பம்ப். ஜெனரல் மோட்டர்ஸ் 2010 வரை தன் பிக்கப்புகளின் டூராமக்ஸ் டீசல் என்ஜினுக்கு சிபி3 என்ற பழைய பம்பைப் போட்டது. 2011 முதல் 2016 வரையான மொடல்களுக்கு சிபி4 வந்தது. அந்தப் பம்ப்தான் உள்ளே சுரண்டி, தூளை முழுச் சிஸ்டத்துக்கும் அனுப்புகிறது என்று சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். டீசலின் வழுவழுப்பை அளக்க ஒரு முறை இருக்கிறது: டீசலுக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டைத் தேய்த்து, அதில் விழுகிற தழும்பை அளப்பார்கள். தழும்பு பெரிதென்றால் வழுவழுப்புக் குறைவு. ஐரோப்பியத் தரத்தில் 460 மைக்ரோனுக்கு மேலே போகக் கூடாது. அமெரிக்கத் தரம் 520 வரைக்கும் விடுகிறது. அமெரிக்க டீசல் இப்படித்தான் என்று தெரிந்துகொண்டே அதற்குத் தாங்காத பம்பைப் போட்டு விற்றீர்கள் என்பதுதான் அவர்களுடைய வாதம்.

2024இல் ஜெனரல் மோட்டர்ஸ் 50 மில்லியன் டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை, எல்லா மாநிலத்தாருக்கும் கிடைக்கவும் இல்லை, ஆனாலும் காசு வைத்தது. ராம் என்ற இன்னொரு அமெரிக்க வகை லொறிகளின் கதை இன்னும் தெளிவு. 2019, 2020 மொடல்களின் கம்மின்ஸ் என்ஜினில் சிபி4 போட்டார்கள். 2021இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருப்பி அழைத்து, பழைய சிபி3 பம்பையே இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள். நாட்டில் ஓடுகிற டீசல் அதேதான். மாற்றியது பம்பை.

என் லொறியில் இருக்கிறது அந்தப் பம்ப் இல்லை, வேறு தயாரிப்பு. அமெரிக்காவில் நடந்ததால் இங்கேயும் பம்ப்தான் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் விற்கிற லொறி, இந்த நாட்டு பெற்றோல் செட்டில் அடிக்கிற டீசலில் ஓட வேண்டுமா இல்லையா? இங்கே செட்டில் இருப்பது ஓட்டோ டீசலும் சுப்பர் டீசலும். விற்கும்போது ஓட்டோ டீசல் அடிக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை, லொறியோடு தந்த புத்தகத்திலும் இல்லை. வழுவழுப்புப் போதாது என்றால் எந்த ஆய்வுகூடத்தில் பார்த்தீர்கள், எத்தனை மைக்ரோன் வந்தது என்று எழுத்தில் கேட்டோம். இன்று வரைக்கும் ஒரு அளவு தரவில்லை.

டீசலால் பழுதாகிற வண்டியும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற காலத்தில் பீப்பாயில் சேர்த்து வைத்த டீசலை அடித்தவர்களும், மண்ணெண்ணெய் கலந்தவர்களும் இருந்தார்கள். மண்ணெண்ணெய் சேர்ந்தால் வழுவழுப்புக் குறையும், பம்ப் தேயும். அப்படியான வண்டிக்கு வொரண்டி கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். செட்டில் பில் போட்டு அடித்தவனையும் அதே கடதாசியால் அடிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

விசாரித்துப் பார்த்தபோது நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, செங்கலடி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். நெல் ஏற்றுகிறவர், கல், மண் ஏற்றுகிறவர், கடைச் சாமான் ஏற்றுகிறவர். எல்லோருக்கும் வந்த கடிதங்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். லொறி இலக்கமும் திகதியும்தான் வேறு. வசனம் ஒன்றே, எழுத்துப் பிழை கூட ஒன்றே.

கூட்டாக ஒரு கடிதம் எழுதின பிறகுதான் கொம்பனி ஆட்கள் மட்டக்களப்புக்கு வந்தார்கள். ஹோட்டலில் அறை எடுத்து, ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டார்கள். ஒன்றாகத்தான் வருவோம் என்று சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. உள்ளே வைத்த கடதாசி முழுக்க இங்கிலீஷில். நிந்தவூர்க்காரர் ஒருவர் அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார், பிள்ளை வாசித்துத் தமிழில் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. பார்ட்ஸ் விலையில் 30 வீதம் குறைப்பார்கள். அதற்குப் பதிலாக, பழுதுக்குக் காரணம் எரிபொருள் என்று சொந்தக்காரர் ஏற்றுக்கொள்கிறார். புதிதாகப் போடுகிற பம்புக்கு வொரண்டி கிடையாது. எந்த அரச நிறுவனத்திலும் முறையிடக் கூடாது, சமூக ஊடகத்தில் எழுதக் கூடாது.

கல்முனைக்காரர் ஒருவர் கையெழுத்து வைத்தார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். பெரும்போக அறுவடை நேரம், லீசிங் கட்டுக்காசு மூன்று மாதம் நிலுவை, லொறியைத் தூக்கப் போகிறோம் என்று கோல் வந்துகொண்டே இருந்தது. மனைவியின் நகையை வைத்துத்தான் மிச்சக் காசைக் கட்டினார். அடுத்த போகம் வருவதற்குள் புதுப் பம்பும் அதே மாதிரிச் சுரண்டி நின்றது. கேட்கப் போனவருக்கு அவருடைய கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே வண்டி இழுக்காமல் நின்றால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள், ஒவ்வொரு தரமும் தூள் இன்னும் உள்ளே போகும். வொரண்டி இருக்கும் வரை வெளிக் கராஜில் பம்பைத் திறக்க விடாதீர்கள், அதைச் சொல்லியே தட்டிக் கழிப்பார்கள். ஆனால் அவர்கள் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், வீடியோ எடுங்கள். வண்டியை ஒப்படைக்க முதல் டாங்கியிலும் பில்டரிலும் இருந்து சுத்தமான கண்ணாடிப் போத்தலில் டீசல் எடுத்து, மூடி ஒட்டி, திகதி போட்டு, சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். ஒரு போத்தல் அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. டீசல் பில்லைத் தூக்கி எறியாதீர்கள். கழற்றின பம்பைத் திருப்பிக் கேளுங்கள், தர மறுத்தால் மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள். வொரண்டி முடிந்த வண்டிக்காரர் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் அந்த வால்வை வருடத்துக்கு ஒரு தரமாவது கழற்றி வலையைப் பார்ப்பது நல்லது என்று காக்கா சொல்கிறார். மினுங்கல் தெரிந்தால் இன்ஜெக்டர் போவதற்கு முதல் பிடித்துவிடலாம்.

முறைப்பாட்டுக்குப் போக வேண்டிய இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தில், பொருளை வாங்கின அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று இருக்கிறது. கொம்பனி "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுப்பது இந்த 3 மாதத்தை முடிக்கத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பவோ கட்டளையிட அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எப்படி முறையிடுவது என்று கேட்கலாம்.

எங்கள் முறைப்பாடு போய்விட்டது. முதல் விசாரணையில் கொம்பனி ஆய்வுகூட அறிக்கை கொண்டுவரத் தவணை கேட்டிருக்கிறது. இதே பிரச்சினை உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், சேர்விஸ் புத்தகம், கொம்பனிக் கடிதம், டீசல் பில் எல்லாவற்றின் போட்டோப் பிரதியோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். கையெழுத்து வைத்தவர்களும் கட்டாயம் வாருங்கள். எழுத்துப் பிழை வரை ஒன்றான அந்தக் கடதாசிகள் எத்தனை பேர் கையில் இருக்கின்றன என்பதைத்தான் அடுத்த தவணையில் சபைக்குக் காட்டப் போகிறோம்.