ஒரு ஏக்கர் தக்காளிக்கு சொட்டுநீர் செட், எட்டு மாசம் ஓட்டிப் பாத்தப்புறம்

ஒரு போகம் தக்காளி முடிச்சு அடுத்தது நட்டாச்சு, அதான் இப்ப எழுதறேன். எங்களுது பாலக்கோடு பக்கம், போர்ல ஒன்றரை இன்ச் தண்ணி வந்தா அன்னைக்கு நல்ல நாள்.

முன்னாடி வாய்க்கால் பாசனம்தான். மூணு பேஸ் கரண்டு ராத்திரி முறைனா நான் மோட்டார்கிட்ட, வீட்டுக்காரம்மா மம்பட்டியோட மடை மாத்த, டார்ச் புடிக்க ஏழாவது படிக்கிற பொண்ணு, ரெண்டு மணிக்கு வந்து படுத்தா காலைல பஸ்ஸ எங்க புடிக்கிறது, டீச்சர் கூப்பிட்டு கேட்டப்ப வயித்து வலின்னு நானே பொய் சொல்லிருக்கேன். இப்ப ஏக்கர ரெண்டா பிரிச்சு ரெண்டு வால்வு, 16 எம்எம் இன்லைன் பைப்பு (சொட்டு துளை உள்ளயே வச்சு வர்றது), ஒவ்வொரு துளையும் மணிக்கு 2 லிட்டர், நான் ஒருத்தனே பாத்துக்கறேன். பொண்ணு தூங்குறா. தண்ணி மிச்சம் எல்லாம் அப்புறம், மொத ஸ்டார் இதுக்குத்தான். செடிகிட்ட மட்டும் ஈரம்ங்கறதால களையும் கம்மி, லீவு நாள்ல புள்ளைங்கள களை புடுங்க கூப்பிடறதும் கொறஞ்சிருச்சு.

இந்த செட்டுக்கு அரசாங்கத்துல சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75. தோட்டக்கலை ஆபீஸ் போறதுக்கு முன்னாடி சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று எல்லாம் கையில வச்சுக்கோங்க.

கொறைனா, மாட்டிட்டுப் போன கம்பெனி (பேரு வேணாம்) அப்புறம் போனே எடுக்கல. ஃபில்டர் வாஷர் ஒழுகி பன்னெண்டு நாள் பாத்துட்டு நானே கடைல வாங்கி மாட்டுனேன். எங்க தண்ணில உப்பு அதிகம், துளை அடைக்குது, மாசம் ஒருக்கா பைப்போட கடைசி மூடிய கழட்டி விட்டு அலசணும். அணில் வேற கடிச்சு வைக்குது, அதுக்கு கம்பெனி என்ன பண்ணும்.

இன்னொன்னு, புள்ளைங்க அந்த பைப்பயே திறந்து குடிக்கும், விடாதீங்க. ஃபில்டர் மண்ணத்தான் புடிக்கும், ஃபுளோரைட இல்ல. நம்ம தருமபுரி போர் தண்ணில நெறைய எடத்துல ஃபுளோரைடு, குடிக்கலாம்ங்கற லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் அளவ தாண்டும், பல்லு வளர்ற வயசுல அத குடிச்சா காவி புடிச்சுரும், என் பல்லே சாட்சி. பொண்ணுக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் தண்ணிய பாட்டில்ல புடிச்சு குடுத்துடறோம்.

அஞ்சுக்கு நாலு. ஒண்ணு கொறைச்சது அந்த வாஷருக்கு. ஃபில்டர் வலைய கழுவறது மட்டும் இப்பவும் பொண்ணு வேலைதான், ஞாயித்துக்கெழம காலைல, பழைய டூத் பிரஷ்ஷ வச்சு, அதுவும் எட்டு மணி வரைக்கும் தூங்கி எந்திரிச்சுட்டு.