மலைப்பாம்பு முட்டைகள்: தாயின் அடைகாப்பா, இன்குபேட்டரா?

வளர்ப்பு மலைப்பாம்பு முட்டையிட்டதும், அவற்றைத் தாயிடமே விட்டுவைப்பதா, எடுத்து இன்குபேட்டரில் (முட்டைகளைச் சூடாக வைத்துப் பொரிக்கச் செய்யும் பெட்டியில்) வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கார்ன் ஸ்னேக் போன்ற பாம்புகள் முட்டையிட்டபின் அடைகாப்பதில்லை என்பதால், அவற்றுக்கு இன்குபேட்டரைத் தவிர வேறு வழியில்லை.

தாய் சுருண்டு படுத்தாலே வெப்பம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் தவறுகிறார்கள். பர்மிய மலைப்பாம்பு தன் தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாக உடலைச் சூடாக்கிக்கொள்கிறது. நியூயார்க் விலங்குக் காட்சியகத்தில் இதை அளந்து 1966-இல் வெளியிட்டார்கள். வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பான பால் பைதான் (ball python) அப்படி வெப்பம் உண்டாக்குவதில்லை. அதன் சுருள் முட்டைகளின் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. ஈரம் இழந்த முட்டை சுருங்கிப்போகும் என்பதால் இதுவும் பெரிய உதவிதான். ஆனால் வெப்பத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்: தாய் படுத்திருக்கும் இடமே ஏறக்குறைய 31 டிகிரி செல்சியஸில் நிலையாக இருக்க வேண்டும். அது முடியாத கூண்டில் தாயிடம் முட்டைகளை விட்டுவைப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

இன்குபேட்டரில் ஈரத்தைத் தேக்கிவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டை ஈரப்படுத்தி, அதன்மேல் முட்டைகளை வைத்து, 31 முதல் 32 டிகிரி வரை காத்தால், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவரும். எடுக்கும்போது முட்டையைப் புரட்டிவிடக் கூடாது. மேற்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு அதே நிலையில் வைக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளைப் பிரிக்காமல் அப்படியே வைப்பது நல்லது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி வெப்பம் ஏறினால் எல்லா முட்டைகளும் ஒன்றாகவே அழிந்துபோகும் என்பதால், தனி வெப்பமானி ஒன்றும் உள்ளே இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் இடையே முடிவு செய்ய வேண்டியது தாயின் உடல்நிலையைப் பார்த்துத்தான். அடைகாக்கும் தாய் பெரும்பாலும் உண்பதில்லை. முட்டையிடும் முன்பே பல வாரங்கள் உணவை மறுத்திருக்கவும் கூடும். முதுகெலும்பு துருத்தித் தெரியும் தாயை இன்னும் இரண்டு மாதம் பட்டினியில் வைப்பது கொடுமை. முட்டைகளை எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் தாயை வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் கழுவி, கூண்டின் விரிப்பையும் மாற்ற வேண்டும். முட்டைகளின் வாசனை நீடித்தால், தாய் வெற்றிடத்தைச் சுற்றியே சுருண்டு கிடந்து உணவை மறுக்கும்.

உடல் தேறிய தாயும் நிலையான வெப்பமும் இருந்தால் நான் தாயையே தேர்வேன். அப்போது கூண்டை அடிக்கடி திறக்காமல், அருகில் நீர் வைத்துவிட்டுத் தொலைவிலிருந்து கவனித்தால் போதும். கடைசி வாரங்களில் முட்டைகளில் தோன்றும் குழி இயல்பானதே. தொடக்கத்திலேயே குழி விழுந்தால் ஈரப்பதத்தை உடனே உயர்த்த வேண்டும்.