வயதான மட்டக்குதிரைக்கு ஆன்லைனில் தீவனம் வாங்கப் போகிறீர்களா? என் 18,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரிதான் அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்தார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் திறப்பார்கள். நாய், குதிரை, பறவை எல்லாவற்றுக்கும் தீவனமும் டானிக்கும் விற்கிற, வாட்ஸாப்பில் ஆர்டர் எடுக்கிற ஆன்லைன் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயதான குதிரைக்கு என்னதான் போடலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நாங்கள் காரைக்குடி பக்கம், பள்ளத்தூர். வீட்டில் ஒரு மட்டக்குதிரை இருக்கிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் அப்பச்சி வாங்கி வந்தது. செவலை நிறம் என்பதால் செவலைக்காரி என்றே பெயர். வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ மாப்பிள்ளை அழைப்புக்குப் போனவள், இப்போது வேலை ஒன்றும் கிடையாது, பின்கட்டுக்கு வெளியே கொல்லையில் நிற்பாள்.

போன கோடையில் இளைத்துப்போனாள். விலா எலும்பு தெரிந்தது, பின்பக்கம் வற்றியது. வைக்கோலை மென்று மென்று விழுங்க முடியாமல் உருண்டை உருண்டையாகக் கீழே துப்பினாள். கூடவே படபடப்பு வேறு, தட்டு விழுகிற சத்தத்துக்கெல்லாம் துள்ளினாள். கோயில் திருவிழாவுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், முன்பெல்லாம் அவள் காலடியில் விளையாடிய பிள்ளைகளை இனி எப்படிப் பக்கத்தில் விடுவது? இங்கே யாரைக் கேட்டாலும் தவிடும் கொள்ளும்தான் சொல்வார்கள். புதுவயலில் அரிசி ஆலைகள் இருக்கின்றன, தவிட்டுக்குப் பஞ்சமில்லை. போட்டுப் பார்த்தோம், எடை ஏறவில்லை.

அப்போதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது. 'வயதான குதிரைகளுக்கான எடை கூட்டும், சாந்தப்படுத்தும் தீவனம்' என்று விளம்பரம். போன் செய்தேன். எடுத்தவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் கேள்வியே, "அண்ணே, பல்லு பாத்தீங்களா? துப்புதா?" என்பதுதான். நான் அசந்துபோனேன். இத்தனை மாதத்தில் யாரும் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. அப்புறம் டேப் எடுக்கச் சொன்னார். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எவ்வளவு, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை நீளம் எவ்வளவு? நெஞ்சுச் சுற்று 135 செ.மீ., நீளம் 130 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும் என்றார். 199 கிலோ. கணக்கு சரி, கால்நடை மருத்துவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள். "உங்க குதிரையை என் வீட்டுக் குதிரை மாதிரி நான் பாத்துக்கிறேண்ணே" என்றார். இவ்வளவு தெரிந்த ஆள் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அந்தப் போனை வைத்த கையோடு பணம் அனுப்பினேன். 25 கிலோ மூட்டை ஒன்று 3,600, நாலு மூட்டை. சாந்தப்படுத்தும் பவுடர் டப்பா 2,000, இரண்டு டப்பா. மொத்தம் 18,400 ரூபாய்.

மூட்டை வந்தது. வாய் ஒரு நூலில் தைத்திருந்தது, பழைய ஊசி ஓட்டைகள் அதற்குக் கீழே தனி வரிசையாகத் தெரிந்தன. மேலே குதிரைப் படம் போட்ட ஸ்டிக்கர். என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை, தயாரித்த தேதி இல்லை. உள்ளே உடைத்த மக்காச்சோளமும், வெல்லப்பாகு வாசம் அடிக்கிற குச்சித் தீவனமும். அந்த ஆளிடம் கேட்டதற்கு, "சீனியர் ஃபார்முலா அப்படித்தான் இருக்கும்ணே, காலையில ஒன்றரைக் கிலோ, சாயந்திரம் ஒன்றரைக் கிலோ போடுங்க" என்றார்.

அப்படியே போட்டோம். சாந்தமா? கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாள். சாணம் இளகி நாறியது. பார்த்துக்கொள்கிற அண்ணனை, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, உதைக்கப் போனாள். ஒரு நாள் காலையில் முன்கால்களை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு, எடை முழுவதும் பின்கால்களில் போட்டு அசையாமல் நின்றாள். குளம்பைத் தொட்டால் சுட்டது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்த உடனே தீவனத்தை நிறுத்தச் சொன்னார். லேமினைட்டிஸ் தொடங்கியிருக்கிறது, குளம்புக்குள்ளே வீக்கம், முற்றினால் குளம்பு எலும்பே இறங்கிவிடும். அவர் சொன்ன கணக்கை எழுதுகிறேன், இதுதான் முக்கியம். குதிரைக்கு ஒரு வேளைக்கு மாவுச்சத்து, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது. இவளுக்கு 200 கிராம். அந்த ஒன்றரைக் கிலோவில் பாதி மக்காச்சோளம் என்று வைத்தாலே 500 கிராம் பக்கம் வந்துவிடுகிறது. சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது, அமிலம் கூடுகிறது. வயிற்று வலி, படபடப்பு, கடைசியில் குளம்பு. சாந்தப்படுத்த வாங்கிய தீவனமே அவளைக் கிறுக்குப் பிடித்தவள் மாதிரி ஆக்கியிருக்கிறது. பவுடர் டப்பாவில் 'மெக்னீசியம்' என்று மட்டும் போட்டிருந்தது. உடம்பில் அது குறைவாக இல்லாத குதிரைக்கு அதைக் கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லி டாக்டர் ஓரமாக வைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய குண்டு ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது. டாக்டர் நகத்தால் கிள்ளி எடுத்தார், கறவை மாட்டுப் படம் வந்தது. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் சிலவற்றில் மோனென்சின் என்று ஒரு மருந்து கலப்பார்களாம். மாடு தாங்கும். குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயத் தசை கெட்டு உயிரே போகும். இந்த மூட்டையில் அது இருந்ததா இல்லையா? யார் சொல்வது? பட்டியலே இல்லையே.

போன் போட்டேன். "புதுத் தீவனம்ணே, நச்சு வெளியேறுது, ஒரு வாரம் பொறுங்க." குளம்பு சுடுகிறது என்றேன். "வெயில்ணே." மோனென்சின் இருக்கிறதா என்று கேட்டால், "அது கம்பெனி ரகசியம்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் 'அண்ணே' போய் 'சார்' ஆனது. பிரித்த மூட்டையைத் திருப்ப முடியாது சார். சரி, மூன்று மூட்டை பிரிக்காமல் இருக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "செட்டாகத்தான் வாங்கினீங்க, செட்டாகத்தான் திருப்பணும்." அப்புறம் கூரியரைக் கேளுங்கள், அப்புறம் மேனேஜர் கூப்பிடுவார். மேனேஜர் என்று பேசியதும் அதே குரல்தான். ஸ்டிக்கரைக் கிழித்த போட்டோவை அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான், பிளாக். 18,400 ரூபாய். டாக்டர் செலவு தனி.

செவலைக்காரி பிழைத்துக்கொண்டாள், மணல் கொட்டி நிற்க வைத்திருக்கிறோம்.

சரி, என்ன போடலாம் என்று எழுதுவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பல். இவளுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை, மற்றவை ஓரம் கூராகக் கன்னத்தைக் குத்துகின்றன. ராவி விட ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் டாக்டர் சொல்லியிருக்கிறார். பல் சரியில்லாத குதிரைக்கு நீள வைக்கோல் போடாதீர்கள், குடலில் அடைக்கும். புல்லும் காய்ந்த குதிரைமசாலும் (லூசர்ன் என்கிற தீவனப் பயிர்) பொடியாக நறுக்கி, ஊறவைத்து, பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். காய்ந்த நிலையில் உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 200 கிலோ குதிரைக்கு 3 கிலோ. எடை ஏற்றத் தானியத்தைக் கூட்டாதீர்கள், எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். இவளுக்கு மாதிரி குளம்பில் வீக்கம் வந்திருந்தால் எதையும் டாக்டரைக் கேட்டுத்தான். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, அதை மட்டும் நம்பினால் எலும்பு கெடும். கம்பு நேப்பியர் என்கிற தீவனப் புல்லை மட்டும் போட்டாலும் அதே கதை, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எதை மாற்றினாலும் ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். உப்பும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். குடற்புழுவும் பார்க்கச் சொன்னார். மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வாங்குவதாக இருந்தால், கலவைப் பட்டியல் இல்லாத மூட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். தையலைப் பாருங்கள், ஸ்டிக்கரைக் கிள்ளிப் பாருங்கள். பணம் அனுப்பிய ரசீதும் சாட்டும் அழியாமல் இருக்கட்டும். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பணமோசடிக்கு 1930 இருக்கிறது, அங்கேயும் சொல்லப் போகிறேன்.

பிரிக்காத மூன்று மூட்டையும் திண்ணையில் கிடக்கின்றன. மாட்டுத் தீவனம்தானே, எனக்குக் கொடுங்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். கொடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாததை அவர் மாட்டுக்குப் போட எனக்கு மனசில்லை, அதோடு புகாருக்கு அந்த ஸ்டிக்கர்தான் சாட்சி.