மௌனத் திரையில் இரண்டு சாகச நாவல்கள்: என் தேர்வு

எங்கள் திரைப்படக் கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மௌனப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஜூல்ஸ் வெர்னின் நாவலைத் தழுவி 1916இல் ஸ்டூவர்ட் பேட்டன் இயக்கிய '20,000 லீக்ஸ் அண்டர் த சீ', ஆர்தர் கானன் டாயிலின் நாவலைத் தழுவி 1925இல் ஹாரி ஹாய்ட் இயக்கிய 'தி லாஸ்ட் வேர்ல்ட்' ஆகிய இரண்டும் இறுதிவரை போட்டியில் இருந்தன. நான் தேர்ந்தெடுத்தது முதல் படத்தை.

கதைக்கோப்பில் 1925ஆம் ஆண்டுப் படமே மேல். முந்தைய படம் வெர்னின் 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' நாவலையும் சேர்த்துப் பிசைந்து, நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நெமோவின் இந்திய இளவரசப் பூர்விகத்தைக் கடைசியில் நீண்ட பின்கதையாகச் சொல்வதால், சிறுவர்களுக்கு இடையிடையே விளக்கம் தேவைப்படும்.

ஆனால் எனக்கு முடிவைத் தந்தது காட்சிகளின் ஆயுள். 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்தின் டைனோசர்கள் வில்லிஸ் ஓ'பிரையன் சிறிய உருவங்களைச் சற்றுச் சற்றாக நகர்த்தி, ஒவ்வொரு சட்டகமாகப் பதிவு செய்தவை. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும் கணினி வரைகலையில் டைனோசர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளை அவற்றை உடனே இன்றையவற்றோடு ஒப்பிடும். 1916ஆம் ஆண்டுப் படத்தில் வரும் பகாமாஸ் கடலடியோ உண்மையான கடலடி. படகிலிருந்து இறங்கும் வளையக்கூடிய குழாயின் நுனியில் கண்ணாடிச் சாளரம் கொண்ட ஓர் அறையைப் பொருத்தி, அதற்குள் நனையாமல் அமர்ந்து படம்பிடிக்கும் முறையை வில்லியம்சன் சகோதரர்கள் உருவாக்கியிருந்தார்கள். சூரிய ஒளி இறங்கும் தெளிந்த நீரில் நீந்தும் மீன்களும் சுறாக்களும், கனத்த உடையணிந்து மணலில் நடக்கும் மனிதர்களும் நூறாண்டுக்குப் பிறகும் அப்படியே நம்பும்படி இருக்கின்றன. அதே படத்தில் பழசாகிப்போனது செயற்கையாகச் செய்த எண்காலி ஒன்றுதான் என்பதே என் வாதத்துக்குப் போதிய சான்று.

இரண்டையும் வீட்டுத் திரையில், பதிவு செய்யப்பட்ட இசையோடுதான் பார்த்திருக்கிறேன். அரங்கில் நேரடி இசையோடு பார்த்தால், 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்தில் லண்டன் தெருக்களில் பிரான்டோசாரஸ் என்னும் டைனோசர் திரியும் காட்சி என் தராசைச் சாய்க்கக்கூடும். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் 1929இல் வீட்டுத் திரையிடலுக்காகப் பாதியளவுக்குச் சுருக்கப்பட்ட பிரதியைத் தவிர்த்து, மீட்டெடுக்கப்பட்ட நீண்ட வடிவத்தைத் தேடிப் பெறுவது நல்லது.